முன்வாசலில் நிறுத்திய ஆள்

கட்டடம் எவ்வளவு உயரம் என்று படத்தில் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பதினெட்டு மாடியும் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். பெங்களூர் அடுகோடியில், கட்டப்போகும் கட்டடத்துக்குக் கம்ப்யூட்டரில் படம் போடும் ஆபீஸில் உத்தமனுக்கு இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. ஒரு தப்பு அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் படு கறார்.

இப்போது வந்திருப்பது ஓசூர் ரோட்டில் எழும்பப்போகும் மூன்று டவர், முழுக்கக் கண்ணாடியும் இரும்பும். படத்தின் முன்வாசலில் அவர் போட்டோவிலிருந்து வெட்டி நிறுத்தியது தன் பெண்சாதி சரசுவை. அவள் செத்து இரண்டு வருஷம். இந்த மாதிரிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில்தான் பன்னிரண்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங் பார்த்தாள். போனதும் வந்ததும் பின்கேட் வழியாக. ஒரு தடவையாவது முன்வாசலில் போகட்டுமே என்றுதான் வைத்தார். முதுகைக் காட்டி, தோளில் பையோடு, கதவைப் பார்த்து நடக்கிறாள். எதிரே கண்ணாடிச் சுவராச்சே, அதில் முகம் தெரிய வேண்டாமா? இன்னொரு போட்டோவைத் தேடியெடுத்து மங்கலாக அதில் பதித்தார்.

மேனேஜர் ஹரிஷ் கூப்பிட்டார். கட்டடம் கட்டும் பார்ட்டிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்தப் பொம்பளை மட்டும் வேண்டாமாம், லேப்டாப் பையோடு நாலு பேரைப் போடணுமாம். அது யார் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சீட்டில் வந்து உட்கார்ந்து ஒரே பட்டனில் அழித்தார். பாவி, நம்ம கையாலேயே வெளியே தள்ளிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லி அழ வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்?

பதினைந்து நாள் கழித்து ஓசூர் ரோட்டில் அந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டு போர்டு வைத்தார்கள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் லேப்டாப் பையோடு நாலு பேர். அவர்களுக்கு எதிரே, கண்ணாடிக்குள், மங்கலாக சரசு. ஆளை அழித்தவர் கண்ணாடியில் பதித்ததை அழிக்க மறந்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தப்பு. முதுகு போய்விட்டது, முகம் மட்டும் இவரைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஹரிஷ்தான். இன்னும் பத்து போர்டு பிரிண்டுக்குப் போகிறதாம்.

“தப்பு ஏதாச்சும் இருக்குதா உத்தமன்?”

உத்தமன் அண்ணாந்து இன்னொரு தடவை பார்த்தார். கண் கலங்கிப் படமே சரியாகத் தெரியவில்லை.

“ஒண்ணும் இல்ல சார். அப்படியே அனுப்புங்க.”