நாற்றைத் தொட்டி மாற்ற ஏற்ற நேரம்

ஜெயராமனுக்குச் சுரங்க நகரியத்தின் அந்த பிளாக்கில் இரண்டு பெயர் இருந்தது. சனிக்கிழமை பஜனையில் முதல் அடி எடுத்துக் கொடுப்பவர் என்பது ஒன்று. எந்தச் செடியை வைத்தாலும் பிழைக்கும், கைராசிக்காரர் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். மூன்றாவதாகவும் ஓர் உண்மை இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து புகைவிட்டுக்கொண்டிருந்தது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு பெட்டிக்கடையில், கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சின்னப் பொட்டலம் அது. ஜெயராமன் அதை உள்ளங்கையில் கொட்டி, விதைகளைப் பொறுக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கசக்கி பீடியில் அடைப்பார். தன் வீட்டுப் பக்கம் ஒரு விதைகூட விழுந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு கவனம். பக்கத்து வீட்டிலும் மண்தான் இருக்கிறது என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

பக்கத்து வீட்டில் நல்லசாமி இருந்தார். கரூர்க்காரர், சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு. தனக்கு வரவேண்டிய ப்ரமோஷன் தன்னைவிடச் சின்னவனுக்குப் போனதிலிருந்து வாயைத் தைத்துக்கொண்ட மனிதர். அவர் ஒரு நாள் காலையில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணாச்சி, சித்த இங்க வாங்க" என்று கூப்பிட்டபோது ஜெயராமனுக்கே ஆச்சரியம்.

போய்ப் பார்த்தார். சுவரோரத்தில் ஒரு நாற்று. விரல் நீளம்தான் இருக்கும். இலையின் ஓரமெல்லாம் ரம்பப் பல்.

"தானா முளைச்சதுங்க. எங்கிருந்தோ காத்துல விதை வந்திருக்கோணும். ஏதோ வெளிநாட்டுப் பூச்செடின்னு நெனைக்கிறேன். இத எப்பங்க தொட்டிக்கு மாத்தலாம்?"

ஜெயராமனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இது இன்ன செடி என்று ஒரு நாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அப்புறம் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். காற்றுக்குச் சாட்சி கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு வீடு, அவருடையது. பஜனையும் போகும், பேரும் போகும், போலீஸ் வந்தால் வேலையும் போகும்.

"வெறும் களை. புடுங்கிப் போட்ருங்க" என்றார்.

"தானா வந்தத எதுக்குங்க புடுங்கறது? இருந்துட்டுப் போகட்டும்."

மேலே வற்புறுத்தினால், இது களை என்று அவ்வளவு உறுதியாக உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். ஜெயராமன் ஒரு கணம் யோசித்தார். செடியை வாழவைக்கத் தெரிந்தவனுக்குச் சாகடிக்கவும் தெரியாதா என்ன?

"அப்ப இன்னைக்கே மாத்திருங்க. இதுதான் பக்குவம். நல்ல உச்சி வெயில்ல எடுக்கணும். வேர்ல ஒரு பொட்டு மண் இருக்கக் கூடாது, உதறிக் கழுவிட்டு நடுங்க."

இதில் ஒன்றைச் செய்தாலே எந்த நாற்றும் மறுநாள் தலை தொங்கிவிடும். நல்லசாமி பக்தியோடு எல்லாவற்றையும் செய்தார். நாற்று பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் புதிதாக இரண்டு இலையும் விட்டது.

"உங்க கைராசிங்க" என்றார் நல்லசாமி.

அடுத்த வாரம் ஜெயராமன் பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றச் சொன்னார். அடியில் துளை கூடாது, காலையிலும் மாலையிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றார். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டியும் தேங்கிய தண்ணீரும் போதும், வேர் அழுகிவிடும். ஆனால் செடி முழங்கால் உயரம் வந்தது. மூன்றாவதாக, வாரம் ஒரு தரம் பிடுங்கி வேறு தொட்டியில் நட்டால்தான் பூக்கும் என்று வாய் கூசாமல் சொன்னார். மாற்றிவிட்டதாக நல்லசாமி சொன்னார். செடி இடுப்பு உயரம் வந்தது. ஜெயராமன் வாழ்க்கையில் அத்தனை செழிப்பான செடியை வளர்த்ததில்லை.

நல்லசாமியோ ஆளே மாறிப்போனார். ஷிப்ட் முடிந்து வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே செடியிடம்தான் போவார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, அண்ணாச்சி சொன்னபடி வளர்த்தது என்று காட்டினார். நகரியத்து மலர்க் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

"'ஆலோசனை: ஜெயராமன்'னு அட்டைல எழுதி மாட்டப்போறனுங்க. கடலூர்லேர்ந்து போலீஸ் அதிகாரி வீட்டம்மா வந்து பரிசு குடுக்கறாங்களாம்."

அதைக் கேட்ட பிறகு ஜெயராமனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவருக்கு இரண்டாவது ஷிப்ட், நல்லசாமிக்கு முதல் ஷிப்ட். முற்பகலில் பக்கத்து வீட்டுப் பின்மதில் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தார். செடியின் அடித்தண்டைப் பிடித்துக் குனிந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"புடுங்குங்கண்ணா. இன்னைக்கு வருவீங்கன்னு தெரியும்."

நல்லசாமியின் மனைவி தமயந்தி, முறத்தோடு பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கோபமில்லை. வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"இல்லம்மா, பூச்சி இருக்கான்னு..."

"என்ன செடின்னு எனக்குத் தெரியுமுங்க. எலையைக் கிள்ளி மோந்து பாத்தேன். ஞாயித்துக்கெழம சுவத்துக்கு மேல வர்ற அதே வாசம்."

ஜெயராமன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"சாகணும்னு நீங்க யோசனை சொல்றதும் தெரிஞ்சுது. அவரு அந்தப் பக்கம் போனதும் நான் கூடையைக் கவுத்து நிழல் வெச்சேன். தொட்டிக்கு ஆணியால ஓட்டை போட்டேன். ரெண்டு வருசமா எங்கூட நாலு வார்த்தை பேசாத மனுசன், இந்தச் செடி வந்தப்புறம் சிரிக்கறாருங்க. அது கஞ்சாவா இருந்தா என்ன, கத்திரியா இருந்தா என்ன? ஆனா கண்காட்சிக்கு அனுப்ப முடியாது. புடுங்குங்க."

"யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார்.

"யார்கிட்ட புதுசா சொல்லோணும்? ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு இந்த வரிசைல பொம்பளைங்க யாரும் கொடியில துணி காயப்போட மாட்டோமுங்க. துணியெல்லாம் அந்த நாத்தம் ஏறிக்குது. அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது. அவருக்கு எந்த வாசமும் தெரியாது, மைன்ஸ் தூசி மூக்கை அடைச்சுப்போச்சு."

கட்டிக் காத்த பெயர் எப்போதோ போய்விட்டது. போனதை இவரிடம் சொல்லாமல் இத்தனை காலம் பெண்கள் பஜனைக்கு வந்து பின்பாட்டுப் பாடியிருக்கிறார்கள். ஜெயராமனுக்கு அந்தச் சிமெண்டுத் தொட்டிக்குள் தானே இறங்கி மண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. செடியைப் பிடுங்கினார். எரித்துவிடலாமா என்று கேட்டார்.

"எதுக்கு, தெருவே மயங்கறதுக்கா? குழி தோண்டுங்க" என்றாள்.

புதைத்து முடித்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள். "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு இங்க வந்து வேற ஒரு செடி வளக்கக் கத்துக்குடுங்க. இந்த வாட்டி பிழைக்கற மாதிரி."

அன்றைக்கு ஜெயராமன் ஷிப்டுக்குப் போகவில்லை; நல்லசாமி வேலை முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னார். "நான் சொன்ன யோசனை எல்லாமே தப்பு. அதான் வேர் அழுகிருச்சு. நான்தான் புடுங்கிப் புதைச்சேன்." அவர் அந்த மனிதரிடம் சொன்னதில் பாதியாவது உண்மை இருந்தது அன்றைக்குத்தான்.

நல்லசாமி காலித் தொட்டியின் மண்ணைக் கையால் நிரவினார். அப்புறம் மெதுவாக, "உங்க மேல தப்பில்லீங்க அண்ணாச்சி" என்றார். "மூணாவது தடவ தொட்டி மாத்தினேன்னு சொன்னது பொய்ங்க. நல்லா இருக்கறதப் புடுங்க மனசு வரல. நீங்க சொன்னதக் கேக்காம உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் தொழுத கைகளை ஜெயராமன் பிடித்து இறக்கினார். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போனார். கையில் மிளகாய் நாற்று. நாலைந்து இலை விட்டு, தண்டு கொஞ்சம் தடித்த பிறகுதான் எடுக்கவேண்டும், வெயில் தாழ்ந்த நேரம் பார்க்கவேண்டும், வேரோடு மண் வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்லசாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு தரம் ஜெயராமன் தலை நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிசை முழுக்கக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சேலை, சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை. தன் வீட்டுக் கொடியைப் பார்த்தார். அவர் மனைவி காந்திமதி, அவருடைய பஜனை வேட்டியை நன்றாக உதறி, நீளவாக்கில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.