விட்டுப்போன ஆறு பேர்

"மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. வேலை விஷயத்தை வகுப்பில் ஒருவரிடம் பேசிவிட்டேன். பேசியிருக்கக் கூடாது. இனிப் பேச மாட்டேன்."

எழுதி முடித்ததும் 'சிறு' என்ற சொல்லின் மேல் பேனா நின்றது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். ஒரு சொல்லை அடித்தால் ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் காரணம் எழுதுவது அவள் வழக்கம். அன்று காரணம் எழுத மனம் வரவில்லை. டைரியை மூடி வைத்தாள்.

மாலை வகுப்பில் அவளுக்கு டைரியம்மா என்று பெயர். பாடத்தை எல்லாரும்தான் குறிப்பெடுப்பார்கள்; அவள் பாடம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்த வரி தனக்குப் புரியவில்லை, புரிந்ததுபோல் எங்கே தலையாட்டினோம் என்பது வரைக்கும் எழுதி வைப்பாள். படிப்பது புள்ளியியல். பகலில் மூன்று மாதத் தற்காலிக வேலை ஒன்று கிடைத்திருந்தது.

வேலை இதுதான். முந்தின மாதம் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து முடிந்திருந்தது. எண்ணியவர்கள் ஒழுங்காக எண்ணினார்களா என்று யாராவது பார்க்க வேண்டுமே! அதற்காக ஐந்நூறு பகுதிக்கு ஒன்று வீதம் குலுக்கிப் போட்டு எடுத்து, அந்தப் பகுதிகளில் மட்டும் வேறு ஆட்கள் முதலிலிருந்து வீடு வீடாகப் போய் எண்ணுவார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து ஆள் ஆளாக ஒப்பிடுவார்கள். இரண்டாவதில் இருந்தும் முதலாவதில் இல்லாதவர்கள் எத்தனை பேரோ, அதை வைத்து நாடு முழுக்க எத்தனை பேர் விட்டுப்போயிருப்பார்கள் என்று கணிப்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் அவள் ஒருத்தி.

பயிற்சியின் முதல் நாளே மேற்பார்வையாளர் அம்மாள் மேசையைத் தட்டிச் சொன்னார்: "முதல்ல எண்ணினது யாருன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. சண்டை போட்டுக்கிட்ட சம்பந்தி வீடு மாதிரி வச்சுக்குங்க. எதிர்ல பார்த்தாலும் பேச்சு கிடையாது." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் போனது இருபத்தேழாம் பகுதிக்கு. தெருக் கோடியில் ஒரு தையல் பட்டறை. நிலைக்கு மேலே முதல் கணக்கெடுப்பில் நீலச் சாக்பீஸால் எழுதிய எண்: 44. அந்த நாலைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. தலை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நாலு. ஆறு மாதமாக அவள் கடன் வாங்கிப் படிக்கும் நோட்டில் இருக்கும் நாலு. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிறவன், முதல் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவன், அவன்தான் இங்கே எண்ணியிருக்கிறான். பார்க்காததுபோல் உள்ளே போனாள்.

பட்டறைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ரெண்டே பேர். நானும் என் வீட்டுக்காரியும். போன தடவையே சொல்லியாச்சு."

"மாடியில யார் சார்?"

"மேல ஆள் ஏது? துணி மூட்டை."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே யாரோ இருமினார்கள்.

"மூட்டைக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுங்க சார்," என்றாள். அவ்வளவு துணிச்சலாக எப்படிப் பேசினோம் என்று பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதெல்லாம் வேலைக்கு வர்ற பொண்ணுங்கம்மா."

"ராத்திரி எங்க தூங்குவாங்க?"

பட்டறைக்காரர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, எதையும் வெட்டாமல் திரும்ப வைத்தார். அவள் இரும்புப் படிகளில் ஏறிவிட்டாள்.

மேலே ஒரே அறை. நான்கு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவரோரம் சுருட்டி வைத்த ஆறு பாய். ஒரே குவளையில் ஆறு பல் துலக்கும் பிரஷ். ஆறு பெண்கள். பதினெட்டு வயதிலிருந்து ஐம்பது வரை. ஒவ்வொருவராகப் பெயர், வயது, எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினாள். எண்ணிய நாளன்று ஆறு பேரும் இந்த அறையில்தான் தூங்கியிருக்கிறார்கள்.

"போன மாசம் யாராவது மேல வந்து எழுதினாங்களாக்கா?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மூத்தவள் சிரித்தாள். "கீழ வந்தாங்க. பனைமரம் மாதிரி ஒரு பையன். ஜன்னல்லேர்ந்து பார்த்தோம். அவ்வளவு உயரம் இருந்து என்ன, தலையைத் தூக்கி மேல பார்க்கலியே!"

மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"சரி தங்கச்சி, இப்ப நீ எழுதிட்ட. நாங்க கணக்குல வந்தாச்சா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இது அந்தக் கணக்கு இல்லக்கா. அந்தக் கணக்கு சரியான்னு பார்க்கிற கணக்கு."

"அப்படின்னா?"

"நீங்க விட்டுப்போயிட்டீங்கன்னு இதுல தெரியும்."

"அது எங்களுக்கே தெரியுமேம்மா. அதைச் சொல்லவா இத்தனை படி ஏறி வந்த?"

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் இருமிக்கொண்டிருந்த சின்னப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகம் படி இறங்கும்போதும் கூடவே வந்தது.

அன்று மாலை வகுப்பின் இடைவேளையில் நெட்டை பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தான். முதல் கணக்கெடுப்புப் புத்தகம். "கடைசிப் பக்கத்துல கூட்டல் தப்பாம், திருப்பி அனுப்பிட்டாங்க. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுக்கணும். நாலும் மூணும் ஏழுன்னு எனக்குத் தெரியாதா? கை தெரியாம எட்டுப் போட்டுடுச்சு."

அந்த நேரத்தில் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"தையல் பட்டறை மாடிக்குப் போனியா?"

"மாடியா? மூட்டைன்னாரே அந்த ஆளு."

"ஆறு மூட்டை. எல்லாத்துக்கும் பேரு இருக்கு."

நெட்டையின் முகம் வெளுத்தது. பிறகு கை கூப்பினான். "டைரியம்மா, நீ மகராசியா இருப்ப. நாளைக்குக் காலையிலேயே போய் எழுதிடறேன். நீ சொன்னதா மூச்சு விட மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆறு பேரும் இனி நாட்டின் கணக்கில் இருப்பார்கள்; நண்பனுக்கும் கெட்ட பெயர் இல்லை. டைரியைத் திறந்தபோதுதான் அந்த உறுதிமொழித் தாள் நினைவுக்கு வந்தது. அதனால்தான் 'சிறு தவறு'.

புதன்கிழமை வகுப்பு இல்லை. மாலையில் அக்கா பழைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கேலி பேசுவதில் கெட்டிக்காரி.

"ஏண்டி, எண்ணினதையே திரும்ப எண்ணுறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களா? எனக்கும் சொல்லேன், நான் துவைச்சதையே திரும்பத் துவைக்கிறேன்."

"விளையாடாதக்கா, காட்டறேன் பாரு." அவள் பொத்தான் டப்பாவை இழுத்தாள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பொத்தான்கள். இருபதை எடுத்து மைப்புள்ளி வைத்து, திரும்பப் போட்டுக் குலுக்கினாள். கண்ணை மூடி மறுபடி இருபது எடுத்தாள். அதில் நாலில் மை இருந்தது. "மை வச்சது முதல் எண்ணிக்கை, இது ரெண்டாவது. அஞ்சுல ஒண்ணுக்குத்தான் மை. அப்ப நான் மை வச்ச இருபதும் டப்பாவில அஞ்சுல ஒரு பங்கு. மொத்தம் நூறு இருக்கணும்."

அக்கா விடவில்லை. டப்பாவைக் கவிழ்த்து ஒன்று ஒன்றாக எண்ணினாள். தொண்ணூற்றாறு. "அடி சக்கை! எண்ணாமலே சொல்லிட்டியே. இன்னொரு தடவை செய்."

பழைய புள்ளிகளைத் துடைத்துவிட்டு, வேறு இருபதில் மை வைத்துப் போட்டாள். மறுபடி இருபது எடுத்து மேசையில் பரப்பும்போது அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டுத் திரும்பினாள். இருபது பொத்தானிலும் மைப்புள்ளி இருந்தது.

"என்னக்கா இது? எல்லாத்துலயும் இருக்கு?"

"நான்தான் வச்சேன். மூணுலதான் இருந்துச்சு. பாவம், பதினேழு விட்டுப்போயிருந்துதே."

"அப்படி வைக்கக் கூடாதுக்கா!"

"ஏன்? இதுங்களும் கணக்குல வந்துடுச்சே. நல்லதுதானே செஞ்சேன். இப்ப உன் கணக்கு என்ன சொல்லுது?"

"எடுத்ததுல ஒண்ணுகூட விட்டுப்போகல. அதனால டப்பாவிலயும் எதுவும் விட்டுப்போகலன்னு சொல்லும்."

அக்கா டப்பாவைத் தூக்கிக் கலகலவென்று ஆட்டினாள். "இவ்வளவு கெடக்கேடி உள்ள! மை இல்லாம! இதெல்லாம் எங்க போச்சாம்?"

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். ஐந்நூறு பகுதிக்கு ஒன்று. அந்த மாடி அறையின் ஆறு பேர் ஆறு பேர் மட்டுமல்ல. எங்கெங்கோ பட்டறைகளின் மேலே, கிடங்குகளின் பின்னால், யாரும் தலை தூக்கிப் பார்க்காத இடங்களில் இருக்கிற மூவாயிரம் பேருக்கு அந்த ஆறு பேர்தான் அடையாளம். அவர்களைப் பட்டியலில் ஏற்றியதும் அடையாளம் அழிந்துவிட்டது. மூவாயிரம் பேரையும் மூட்டையாக்கிவிட்டோம் என்று நினைத்தபடி பொத்தான்களின் மையைத் துடைத்தாள். படித்த பாடம்தான் இது. தேர்வில் இதே கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள்.

வியாழக்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தாள். நெட்டை சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

"குடுத்துட்டேன் டைரியம்மா! இருபத்தேழாம் பகுதி இப்ப சுத்தம்."

"அந்த ஆறு பேருக்கும் என்ன தேதி போட்ட?"

"இது என்ன கேள்வி? போன மாசத் தேதிதான். நேத்துத் தேதி போட்டா நானே தலையைக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

அவள் சொன்னாள். பொத்தான், மை, ஐந்நூறு, மூவாயிரம், எல்லாம் சொன்னாள். அவன் சைக்கிள் பூட்டைத் திறந்து திறந்து மூடினான்.

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கற?"

"நேத்துதான் எழுதினோம்னு சொல்லிடலாம். ஒப்பிடறப்ப அவங்களை விட்டுப்போனவங்களா வச்சுக்குவாங்க. பேரு அப்படியே இருக்கும்." சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் சேர்த்தாள்: "இருக்கும்னு நினைக்கிறேன். சரியாத் தெரியல."

"மாசக் கடைசியில நிரந்தர வேலைக்கு லிஸ்ட் வருது. தேதியை மாத்திப் போட்டவன் பேரை அதுல வைப்பாங்களா? வீட்ல அஞ்சு பேருக்கு நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன்."

"தெரியும்."

"மூவாயிரம் பேருங்கறியே, எங்க இருக்காங்கன்னு காட்டு. இப்பவே போய் எழுதறேன்."

"அதுதான் யாருக்கும் தெரியாதே. அவங்க இருக்காங்கன்னு சொன்னதே அந்த ஆறு பேர்தான்."

அவன் பூட்டைக் கடைசியாக ஒரு தடவை மூடினான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "நான் உன்கிட்ட வந்து கேட்டேனா? நீயாத்தானே சொன்ன?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் உள்ளே போய் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தான். அன்றைய பாடத்தில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

வீட்டில் அக்கா அவள் முகத்தைப் பார்த்ததுமே தட்டை நகர்த்திவிட்டு, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றாள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா முதல் முறையாகக் கேலி செய்யாமல் கேட்டாள்.

"நீ வாயைத் திறக்கலன்னா யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. ரெண்டு பட்டியலும் அச்சு அசலாப் பொருந்தும். எங்களைப் பாராட்டக்கூடச் செய்வாங்க."

"சொன்னா உன் வேலையும் போகும்."

"என் வேலை போனாப் பரவாயில்லக்கா. அவனோடதும் போகும். நான் நல்லது பண்றேன்னு தொட்டது ஒண்ணு உருப்படல. இதையாவது சரியா பண்றேனான்னும் தெரியல."

"தெரியலன்னா விட்டுடு."

"விட்டா மூவாயிரம் பேர்க்கா."

அக்கா தட்டைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினாள். அவள் பாதி சாப்பிட்டு எழுந்தாள். கை கழுவிவிட்டு வந்து எழுதினாள்:

"மார்ச் 13, வியாழன். நாளை காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்ததும் மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டியவை: பகுதி 27, பட்டறை மாடி, ஆறு பேர். நான் கண்ட நாள் 11. நான் அவனிடம் சொன்ன நாள் 11. அவன் எழுதிய நாள் 12. நான் சொன்னதை முதலில் சொல்ல வேண்டும். அவன் எழுதியதை அதற்குப் பிறகு. போகும் வழியில் எட்டரைக்கு அவன் வீட்டில் நின்று, போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்."