இரண்டாவது சொல்

1

தொலைக்காட்சியைத் திட்டவேண்டும் என்பதற்காகவே இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதையும் என் தலையில் கட்டாதீர்கள். போன குளிர்காலத்தில் முட்டி வீங்கி, நாற்காலியும் நானும் ஒன்றாகிவிட்டோம். எதிரே அந்தப் பெட்டி. நானே நேராகத் திட்டினால் அது கட்டுரையாகிவிடும். கட்டுரையை யாரும் படிப்பதில்லை. ஆகவே எனக்குப் பதிலாகத் திட்ட ஓர் ஆளை அமர்த்திக்கொண்டேன். பெயர் க்ளெம் ட்ரெகாஸ்கிஸ். எங்கள் வாலரூ துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்களுக்குச் சரக்கேற்றி ஓய்வு பெற்றவன். மனைவி நோலீன், பள்ளி உணவுக்கடையில் இருந்தவள்.

தொடக்கம் இப்படி இருந்தது:

‘கடல்மேல் மாலை வெயில் சரிகையில் க்ளெம் தனியாக நின்று…’

வேண்டாம். நாடகத் தொடர்களெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஒருத்தி கடலைப் பார்ப்பாள், நாம் அவள் முதுகைப் பார்ப்போம், அடுத்த காட்சியில் பிணம் ஒதுங்கும்.

இன்னொன்று: க்ளெம் தொலைக்காட்சியைத் திட்டும் சத்தம் தோணித்துறை வரைக்கும் கேட்கும். அங்கே தூண்டில் போடுகிறவர்கள் எந்தத் தொடரில் யார் செத்தார் என்பதை அதைக் கேட்டே தெரிந்துகொண்டு, வீட்டிலிருந்த பெட்டிகளை விற்றுவிட்டார்கள்.*

* இது மிகை. விற்றவன் ஒருவன்தான். மற்றவர்கள் சும்மா கொடுத்துவிட்டார்கள்.

2

அவனுடைய கருத்துகள். (என்னுடையவையும்தான். பொறுப்பு அவனுக்கு.)

நகைச்சுவைத் தொடரில், பின்னாலிருந்து சிரிக்கும் கூட்டம் ஒன்று உண்டல்லவா, அவர்களெல்லாம் செத்துப் பல காலம் ஆகிறது என்பான். உயிரோடிருக்கிற எவனும் அதற்குச் சிரிக்கமாட்டானாம்.

நாடகத்தில் எப்போதும் ஒரு போலீஸ்காரி சொந்த ஊருக்குத் திரும்பி வருவாள். அவளுக்கும் அப்பனுக்கும் பேச்சு இருக்காது. “அவ வந்து இறங்கற வரைக்கும் அந்த ஊர்ல ஒரு கொலை கிடையாது. மொதல்ல அவளைப் பிடிச்சு உள்ள போடுங்கடா,” என்பான் க்ளெம். சட்டப்படி அது சரியான வாதம் என்றே எனக்கும் படுகிறது.

சமையல் போட்டியில் கஸ்டர்டு திரிந்துவிட்டால், என்றோ செத்துப்போன அத்தையை நினைத்து அழுவார்கள். நடுவர் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு விளம்பரங்கள் முடியும்வரை விழுங்காமல் இருப்பார். அதற்குள் அவருக்கு மறுபடி பசி எடுத்திருக்கும்.

ஆனால் அவன் முழு வீரத்தையும் காட்டுவது ஜோடிகள் போட்டியில்தான். முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவான். “அவளுக்கு இவன் மேல ஆசை இல்ல. கேட்டதும் யோசிச்சா பாரு. யோசிச்சுட்டாலே முடிஞ்சுது கதை.”

உன்னை யார் பார்க்கச் சொன்னது என்று நோலீன் ஒவ்வொரு முறையும் கேட்பாள். தான் பார்க்காவிட்டால் இவர்களைத் தட்டிக்கேட்க ஆளில்லை என்பான் அவன்.

3

இங்கேதான் எனக்கு என் ஆள்மீது சந்தேகம் வருகிறது. வயதான தம்பதிகளுக்கான ‘பொன் ஜோடி’ என்ற போட்டிக்கு நோலீன் விண்ணப்பம் போட்டாள், தேர்வும் ஆகிவிட்டது. இப்படிப்பட்டவன் எப்படிப் போவான்?

பரிசாகத் தரும் கேரவனுக்கு ஆசைப்பட்டுப் போனான். (அடித்துவிட்டேன். அவனிடம் ஏற்கெனவே ஒன்று துருப்பிடிக்கிறது.)

பொய் தயாராகும் அடுப்படியை நேரில் பார்த்துவிட்டு வந்து இன்னும் நன்றாகத் திட்டலாம் என்று போனான். (இதை ஊரிலும் சொன்னான். ஊர் நம்பியது.)

நோலீன் கேட்டாள், போனான். (இதையும் ஒருமுறை அடித்தேன். திரும்ப எழுதியிருக்கிறேன்.)

4

பதில் சொல்லும் விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. ஒற்றைச் சொல்லில் நிறுத்தமாட்டோம். ‘ஆமா, இல்ல’ என்றால் இல்லை. ‘இல்ல, ஆமா’ என்றால் ஆமாம். முதல் சொல் கேட்டவருக்கு மரியாதை, இரண்டாவதுதான் பதில். பிறந்த குழந்தைகூட இப்படித்தான் அழும் என்று சொல்வார்கள். நான் ஒன்றிரண்டைத்தான் சோதித்திருக்கிறேன்.

படப்பிடிப்பில் கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். திரும்ப முதலிலிருந்து என்றால் நோலீனையே கட்டுவீர்களா? க்ளெம் கொஞ்சம் யோசித்தான். “இல்ல, ஆமா,” என்றான்.

அந்தப் பதிவை வெட்டி ஒட்டித் தொகுத்தவள் லண்டனிலிருந்து புதிதாக வந்த பெண். முதல் சொல்தான் பதில், மீதி கிழவனின் முனகல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குக் கதை எழுதுவது சுலபம்.

நானும் வெட்டுகிறவன்தான். ஆனால் வெட்டியதை உங்கள் கண் முன்னாலேயே போட்டுவைக்கிறேன்.

5

ஒளிபரப்பு அன்று கால்பந்து கிளப் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. நோலீன் இறைச்சியை மாவில் மடித்து பேஸ்ட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். திரையில் க்ளெம் யோசித்தான். பிறகு “இல்ல,” என்றான். வயலின் அழுதது. அடுத்து நோலீனின் சிரித்த முகம். தன் நாயைப் பற்றிச் சொல்லும்போது எடுத்தது.

கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது. க்ளெம் எழுந்து, மீதியை வெட்டிவிட்டார்கள் என்றான். துறைமுகத்தில் அவனோடு சரக்கேற்றிய ராஸ் பென்பெர்தி அவனுக்காகப் பேசினான்.

“நோல், நம்ம ஊர்க்காரன் எவனாவது ஒத்தச் சொல்லோட நிறுத்துவானா? யோசிச்சுப் பாரு.”

“வெட்டிருப்பாங்க, ராஸ். அது தெரியுது,” என்றாள் நோலீன். “அதுக்கு முன்னாடி யோசிச்சான்ல. அதை யாரும் வெட்டலையே.”

6

மறுநாள் காலை அவள் பக்கத்து ஊரான மூன்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகத் துணிப்பெட்டியை எடுத்துவைக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் முடிவுகள் வரிசையில் நிற்கின்றன.

தொலைக்காட்சி நிலையம் தவறை ஒப்புக்கொண்டு முழுப் பதிவையும் அனுப்பிவைக்கிறது. (சிரிக்காதீர்கள். நானும் சிரிக்காமல்தான் எழுதினேன்.)

அவள் கார் கிளம்பும்போது மழை பிடித்துக்கொள்ள, க்ளெம் நனைந்தபடி பின்னால் ஓட… (ஓடமாட்டான். இடுப்பு.)

நடந்தது சமையலறையில். க்ளெம் நின்றுகொண்டே பேசினான். தொலைக்காட்சியில் வருவதெல்லாம் பொய் என்று இத்தனை வருடமாகத் தான் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லையா என்று கேட்டான்.

“ஏறுச்சு,” என்றாள். “யோசிச்சுட்டாலே முடிஞ்சுது கதைன்னு சொன்னதும் ஏறுச்சு. அவ்வளவு நேரம் என்னத்தடா கெழவா யோசிச்ச?”

இந்த இடத்தில் அவனுக்கு நல்ல வசனமாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். கல்யாண நாள், பச்சை உடை, கடற்காற்று. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நாடகத்துக்காரன் எழுதியது போலிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சொந்தமாகப் பேசினான்.

“உன்னைப் பத்தி யோசிக்கல, நோல். என்னைக் கேட்ட மாதிரியே பக்கத்து ரூம்ல உன்னையும் கேப்பாங்கல்ல. நீ என்ன சொல்வியோன்னுதான்.”

“என்னை அதைக் கேக்கவே இல்ல. நாயைப் பத்திதான் கேட்டாங்க.”

“சரி. நான் கேக்கறேன். திரும்ப என்னையே கட்டுவியா?”

நோலீன் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி யோசித்தாள். அவள் யோசிப்பதை அவன் பார்த்தான். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

“ஆமா,” என்றாள்.

எங்கள் ஊரில் இது பாதிப் பதில் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அடுத்த சொல்லை என்னிடம் கேட்காதீர்கள். தொலைபேசியில் வாக்களிக்கவும் வேண்டாம். எண்ண எனக்குப் பொறுமை இல்லை. அந்தச் சொல்லை நீங்கள் போடுங்கள், அல்லது போடாமல் விடுங்கள். விட்டால் இந்த ஊரில் முதன்முதலாக ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியவள் நோலீன் ஆகிவிடுவாள்.

க்ளெம் நின்றுகொண்டே இருக்கிறான். ‘ஆமா’ சொன்ன வாயை அவள் இன்னும் மூடவில்லை.