புரூஃப் பார்க்க வந்த பெரியவர்

அந்த ஊரில் இறந்தவர்கள் அடக்கம் முடிந்த மறுநாள் காலை எங்கள் குடும்பத்து அச்சகத்துக்கு வந்து, தங்கள் மரண அறிவிப்பின் புரூஃபைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஷட்டர் ஏற்றிய கொஞ்ச நேரத்தில், தலை வாரி, நல்ல உடையில் வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துகொள்வார்கள். பேசமாட்டார்கள். குரல் உடம்போடு போய்விடும். கை மட்டும் இந்த ஒரு வேலைக்காக மிச்சமிருக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் தன் அறிவிப்பில் ஒற்றுப்பிழைகளை நீலப் பென்சிலால் திருத்தி, கீழே மதிப்பெண்ணும் போட்டுவிட்டுப் போனார். ஒரு பல் வைத்தியர் துயருறுவோர் வரிசையிலிருந்து இரண்டாவது மருமகனை அடித்துவிட்டார். அந்த மருமகனே வந்து பார்த்து, அது நியாயந்தான் என்று ஒப்புக்கொண்டார். தையல்காரம்மா ஒருவர் தன் வயதில் பத்தைக் குறைத்தார். அச்சகத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழில் இன்றும் அந்த வயதுதான் இருக்கிறது.

சான்றிதழுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஒரு வெள்ளத்தில் பதிவு அலுவலகத்தின் பழைய பேரேடுகள் எல்லாம் கூழாகிப் போனபின், இறந்தவர் கையெழுத்திட்ட புரூஃபைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை என்று அலுவலகம் முடிவெடுத்திருந்தது. மருத்துவர் கடிதம், அடக்க இடத்து ரசீது, அடையாள அட்டையின் நகல், இவற்றோடு அந்தப் புரூஃபையும் இணைத்து அலுவலக ஜன்னலில் கொடுத்தால் சான்றிதழ் கைக்கு வரும். பழைய அறிவிப்பின் பிரதி வேண்டுமென்றால் அதே அலுவலகத்தின் பின்கட்டு அறையில் ஆண்டையும் மாதத்தையும் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒருவர் முறைப்படி இறந்தவராக வேண்டுமென்றால் எங்கள் வாசலை மிதித்துத்தான் ஆக வேண்டும். இதை நாங்கள் பெருமையடித்துக்கொண்டதில்லை. எங்கள் கையில் ஒரு சாவும் தப்பாக அச்சேறியதில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்வோம்.

அச்சகத்தை நிறுவியவர் பெரியவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் அச்சுக் கோர்த்தார். இளையவளான மகள் புரூஃப் எடுத்தாள். அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்று அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். துக்கத்தோடு உள்ளே வந்தவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டபின் ஒரு வரி கூடுதலாக எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஒருநாள் அவள் எங்கள் அச்சகத்து மெஷின்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போனாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் ஓடவில்லை. நிதானமாகத் தெருவைக் கடந்து எதிர்வரிசையில் ஒரு கடையைப் பிடித்தாள். அங்கே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கத் தொடங்கினாள். மெஷின்காரர் போனதைக்கூடப் பெரியவர் பொறுத்துக்கொண்டிருப்பார். நம் வீட்டுப் பெண் பூப்போட்ட எழுத்தில் வேலை செய்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவ பேரு இனிமே நம்ம மெஷின்ல ஏறக்கூடாது."

மகன் அதைக் காப்பாற்றினார். அந்தப் பெயருள்ள பெண்கள் யாராவது இறந்துபோனால், அவர்கள் வீட்டார் பக்கத்து ஊர் அச்சகத்துக்குப் போய்வரத் தன் செலவிலேயே வண்டி பிடித்துக் கொடுத்தார். இறந்தவர்களுக்கும் அதே வண்டிதான். முன் இருக்கையில் உட்கார்ந்து போய்வந்தார்கள். ஆண்டுகள் ஓடின. இரண்டு அச்சகங்களும் எதிரெதிரே ஓடின. தெருவில் நடந்தவர்களுக்கு ஒரு காதில் சாவும் மறு காதில் கல்யாணமும் கேட்டுக்கொண்டிருந்தன. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஷட்டர் ஏற்றினார்கள், ஒரே நேரத்தில் இறக்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே முடி நரைத்தார்கள்.

பெரியவர் ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு மறுநாள், எல்லோரையும் போல, தன் அச்சகத்துக்கு வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். மகன் தன் கையாலேயே கோர்த்த அறிவிப்பை முன்னே வைத்தார். நல்ல காகிதம், கறுப்புக் கரை, துணைவியார், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பெரியவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மகனின் பெயருக்குப் பக்கத்தில், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் கொக்கியை நீலப் பென்சிலால் போட்டார். பென்சிலைக் கீழே வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அப்பாவின் ஆணையை அப்பாவே மீறுவார் என்று மகனுக்குத் தோன்றவே இல்லை. அடைமொழி குறைகிறது போலும் என்று 'அன்புள்ள' சேர்த்தார். கொக்கி அதே இடத்தில் விழுந்தது. எழுத்தைப் பெரிதாக்கினார், கரையைத் தடிமனாக்கினார், நிறுவனர் என்று போட்டார். கொக்கி நகரவில்லை. ஒருமுறை மனசு பொறுக்காமல் கையெழுத்தைத் தானே போட்டு எடுத்துப் போனார்; அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது காகிதத்திலிருந்து மறைந்துவிட்டிருந்தது. மாதங்கள் போயின. மற்ற இறந்தவர்கள் வந்தால் பெரியவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். மருமகள் அவரைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆனால் அச்சக உரிமம் பெரியவர் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஓராண்டு முடிவதற்குள் மகன் பெயருக்கு மாற்றாவிட்டால் வாசலில் சீல் வைத்துவிடுவார்கள். மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவு அலுவலகத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், மகன் நீட்டிய புரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து எங்க சார்?"

"போட மாட்டேங்கிறாரும்மா."

"அப்போ அவருகிட்ட இல்ல பேசணும்? எங்கிட்ட வந்து நின்னா நான் என்ன பண்றது?"

வீடு திரும்பிய மகன், அலுவலகத்தில் தனக்கு நேர்ந்த அவமானத்தைத் தாயிடம் சொல்லி நொந்துகொண்டார். அந்தத் தாய் கணவர் இறந்ததிலிருந்து அதிகம் பேசியதில்லை. "உங்கப்பா வாயால சொன்னதையே இத்தனை வருஷமா புடிச்சிட்டிருந்த," என்றார். "இப்போ கையால ஒண்ணு சொல்றாரு. அதைப் பாருடா."

மகன் அன்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் எழுத்துப் பெட்டி முன்னால் நின்று, தங்கையின் பெயரைக் கோர்த்தார். மெஷின் ஓடியது. மற்றதெல்லாம் கறுப்பாக விழுந்தது. அந்தப் பெயர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக வந்தது. எழுத்தை மாற்றினார், மையைக் குழைத்தார், எதுவும் பலிக்கவில்லை. அந்த அச்சகத்து ஈயம் அந்தப் பெயரை மறந்துவிட்டிருந்தது.

கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு, நிமிர்ந்து, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்கத் தெருவைக் கடந்தார். தங்கை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. யாருக்குக் கல்யாணம்?"

"அப்பாவுக்கு புரூஃப் முடியல."

"ஊரே சொல்லுச்சு. அதுக்கு இங்க எதுக்கு வந்தீங்க? நாங்க சாவு வேலை எடுக்கிறதில்லையே."

"உம் பேரு எங்க மெஷின்ல விழ மாட்டேங்குதும்மா."

"ஏற்கனவே போட்டுப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அவரு செத்த அன்னிக்கு நான் வாசல்லயே நின்னேன். ஒருத்தரும் உள்ள வான்னு சொல்லல," என்றாள் பிறகு. "இப்போ சொல்றேன், வா," என்றார். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு சொன்னதே பெரிது.

அவள் தன் பெட்டியிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு அண்ணன் பின்னால் வந்தாள். அவளிடம் வேறு எழுத்து இல்லை. எல்லாமே கொடியும் மொட்டும் ஓடியவை. அதையே அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் இறுக்கி, புரூஃபைத் தானே எடுத்து, அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் முதல் வரியிலிருந்து படித்துவந்து, பூப்போட்ட பெயரில் நின்றார். அதன்மேல் ஒரு விரலை வைத்து, மை ஒட்டுகிறதா என்று பார்ப்பவர் போல லேசாகத் தடவினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்திட்டவர்கள் வலப்பக்கம் திரும்பித் தெருமுனையில் காணாமல் போவதுதான் வழக்கம். பெரியவர் நேராகத் தெருவைக் கடந்து மகளின் கடைக்குள் நுழைந்தார். உயிரோடிருந்த காலத்தில் ஒருமுறையும் மிதிக்காத இடம் அது. மெஷினைத் தட்டிப் பார்த்தார், காகிதக் கட்டைப் புரட்டினார். மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் கிழமை தப்பாக இருந்ததைத் திருத்திவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். அந்தத் திருத்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரமே அண்ணனும் தங்கையும் பதிவு அலுவலகத்துக்குச் சேர்ந்து போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கையெழுத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு புரூஃபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏன் சார், இந்த ஒரு பேரு மட்டும் வேற எழுத்தா இருக்கு?"

"இல்லம்மா. அதுவும் எங்க வீட்டு எழுத்துதான்," என்றார் மகன்.

அம்மாள் முத்திரையைக் குத்தி, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.