கரி பூசிய இருவர்

லண்டனில் கட்டிய எங்கள் நாசகாரிப் போர்க்கப்பலை, உலகத்திலேயே வேகமான கப்பல்களில் ஒன்று என்று சொல்லித்தான் வெள்ளைக்காரன் ஒப்படைத்தான். அந்த வேகமெல்லாம் தேம்ஸ் முகத்துவாரத்தோடு சரி. ஜப்பானில் எங்கள் துறைமுகமான யோகோசுகாவுக்குப் புறப்பட்டதும், நிலக்கரி தீர்ந்துவிடும், இயந்திரம் கெட்டுவிடும் என்று கேப்டன் மாட்டுவண்டி மாதிரி ஓட்டவைத்தார்.

கொதிகலனுக்குக் கரி தள்ளும் எங்களில் கன்சுகேவுக்குத்தான் பொறுக்கவில்லை. கல்யாணமான கையோடு லண்டனுக்கு அனுப்பப்பட்டவன். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பெற்றவர்களும் இல்லை, கட்டியவளும் இல்லை.

கொழும்பைத் தாண்டியதும் அவன் கரியை வாரி வாரிக் கொட்டினான். புகைபோக்கியில் நெருப்பே கிளம்பிவிட்டது.

மேலேயிருந்து கேப்டன் கத்தினார். "எவன்டா அவன்? கப்பலையே கொளுத்தப் பாக்குறியா?"

"ஏன்டா இந்த அவசரம்?" என்றேன் நான்.

"ஓகினு முகம் மறந்துபோச்சுடா."

"பொண்டாட்டி முகமா?"

"கல்யாணத்தன்னிக்கு வெள்ளை முக்காடு. அப்புறமும் குனிஞ்ச தலை நிமிரல. நானும் வெக்கப்பட்டுக்கிட்டு சரியாப் பாக்கலடா."

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. மறப்பதற்குக்கூட எனக்கு ஒரு முகம் இல்லையே என்று ஏக்கமாக இருந்தது.

கப்பலில் நல்ல தண்ணீரெல்லாம் கொதிகலனுக்கே போய்விடும். அதனால் யோகோசுகாவில் கரி அப்பிய முகத்தோடுதான் இறங்கினோம். துறையில் காத்திருந்த பெண்கள், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, ஆளுக்கொருவனை இழுத்துப் போனார்கள். கன்சுகேயோ வாயே திறக்கவில்லை.

"இதுல அவ யாருடா?" என்று என் காதைக் கடித்தான்.

"என்னைக் கேட்டா? பேசாம நில்லு. கடைசியா மிச்சம் நிக்கிறவதான் உன் பொண்டாட்டி."

அப்படியே ஆயிற்று. கூட்டம் கலைந்ததும் நீலக் கிமோனோவில் ஒருத்தி மட்டும் நின்றாள். ஆனால் இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். எனக்குத்தான் போக இடமில்லையே.

அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேராக என் முன்னால் வந்து குனிந்து வணங்கினாள்.

"வந்துட்டீங்களா? ரொம்ப எளச்சுப் போயிட்டீங்களே." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

நான் அவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்கு நானும் குனிந்து வணங்கினேன்.

கன்சுகே தொண்டையைச் செருமினான். "ஓகினு, நான் இங்க இருக்கேன்."

பாவம், அவள் கிமோனோக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே அவளைக் கூட்டிப்போனான்.

அன்று குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ரொம்ப இளைத்துப் போயிருந்தேன்.