ஈரலில் ஏறிய இரும்பு

பழைய இயந்திரங்களை உடைக்கும் அந்தக் கொட்டகையில் உடம்பு அசந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். இரும்புச் சத்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சம்மட்டியைத் தூக்குவார்கள். சம்மட்டி என்றே பெயர் வாங்கியவன் வருஷக்கணக்கில் அதை விழுங்கினான். சாப்பாட்டிலிருந்து தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சி ஈரலில் சேர்த்துவைக்கும் பிறவிக் கோளாறு தனக்கு உண்டென்பது, ஈரலில் புற்று வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. முற்றிப்போன புற்று.

"கூடப்பிறந்தவங்களுக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம். இப்பவே பார்த்தா, அப்பப்ப ரத்தத்த எடுத்தே இரும்பக் கொறச்சிடலாம். ஈரல் தப்பிச்சிடும்" என்றார் டாக்டர்.

கூடப்பிறந்தவன் தம்பி ஒருவன்தான். அதே கொட்டகையில் வேலை செய்த அவன், அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை.

"ரத்தத்த உருவிட்டா நாளைக்குச் சம்மட்டிய யாரு தூக்குவா? உன் டாக்டரா?"

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் கொட்டகைக்கு வந்தான். கண் மஞ்சள், வயிறு பானை. தம்பி அசதியில் சுவரில் சாய்ந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. அண்ணனுக்கும் முதலில் அப்படித்தான் வீங்கின.

அண்ணன் பாய்ந்து அவன் தாடையைப் பிடித்து, தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டான்.

"துப்புடா நாயே!"

தம்பி கடித்தான். விரல் கிழிந்தது. அண்ணன் விரலை உருவவில்லை. மறு கையால் அவன் தலையைச் சுவரில் மோதினான். மாத்திரையும் ரத்தமும் ஒரு பல்லும் வெளியே விழுந்தன.

"அண்ணன் தம்பி கொஞ்சிக்கிறாங்கப்பா, யாரும் குறுக்க போகாதீங்க" என்றான் கேஸால் இரும்பு வெட்டும் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"நான்தான் செத்துட்டிருக்கேன்ல? நீ எதுக்குடா பின்னாடி வந்து வரிசையில நிக்கிற?" மறுபடி தலையை மோதினான்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஓங்கிக் குத்தினான். குத்து அண்ணனின் வலது விலாவுக்குக் கீழே இறங்கியது.

அண்ணன் இரும்புக் குவியல்மேல் மெதுவாக உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பானது.

ஆஸ்பத்திரியில், குத்து பட்டு ஈரலில் இருந்த கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கொட்டுகிறது என்றார்கள். தம்பி காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சட்டைக் கையைக் கிழித்தான்.

"எங்கிட்டேருந்து எடுங்க! ஒரு சொட்டு மிச்சம் வைக்காம எடுங்க!"

முதலில் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கும் இரும்பு ஏறிக் கிடக்கு. ஆனா ஈரல் இன்னும் கெடல."

"அத விடுங்க. அவனுக்கு ஏத்துங்க."

"வேற ரத்தம் ஏத்திட்டுதான் இருக்கோம். உள்ள கொட்டறது நிக்கல."

அண்ணன் கண் திறந்தான். தம்பியின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தான்.

"எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கண்ணே."

"இதுக்கு ஒரு பல்லு போகணுமாடா உனக்கு?" என்றான். சிரிக்கப் பார்த்தான். பொழுது சாயுமுன் போய்விட்டான்.

அடுத்த வாரம் தம்பி ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். நர்ஸ் அவன் வலது கையில் பட்டையைக் கட்டினாள்.

"கைய இறுக்கி மூடுங்க."

அண்ணனைக் குத்திய அந்தக் கை மூட மறுத்தது. நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் இடது கையை நீட்டினான்.