இரண்டு விரல் இடம்

"பெரியம்மா, இந்தக் கட்டைக்கு யாரு அளவெடுத்தாங்க?"

தங்கையின் மகள் கேட்ட கேள்வி இது. சின்னப் பிள்ளைதான், ஆனால் வாய் ஓயாது. அதனால் வீட்டில் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். பெரியம்மா காலில் மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம், சுவரில் சாய்த்து வைத்திருந்த மர ஊன்றுகோல்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

குழந்தைமேல் தப்பில்லை. அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அளவு நாடாவோடுதான் விளையாடி வளர்ந்தவள். பெரியம்மா ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறாள். கடையில் எல்லோரும் அவளைக் கத்தரியக்கா என்பார்கள். அளவு பார்க்காமல் எதையும் உடம்பில் போடக்கூடாது என்பது அவள் கட்சி. தெருவில் யாராவது தொளதொள ரெடிமேட் சட்டையோடு வந்தால், "பாவம், யார் தோளையோ மாட்டிக்கிட்டுப் போறார்" என்று முணுமுணுப்பாள்.

"இதுக்கெல்லாமாடி அளவெடுப்பாங்க?" என்று தங்கை சிரித்தாள். "எதிர்வீட்டு அண்ணன் குடுத்தாரு. பரண்ல சும்மா கிடந்துச்சாம்."

எதிர்வீட்டு அண்ணன் வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம். அந்த நினைப்பு அப்போது யாருக்கும் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், கத்தரியக்காவும் சிரித்தாள். கடவுள் சில சமயம் குழந்தைகளிடம் சேதி சொல்லி அனுப்புகிறார். நாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கடையில் மேல் தட்டிலிருந்து துணிக்கட்டு எடுக்க முக்காலியில் ஏறியபோதுதான் கத்தரியக்கா விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சீருடை வேலை குவியும் காலம் அது. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான். அதனால் வீட்டில் படுத்திருக்கச் சொன்ன தங்கையைச் சமாதானப்படுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஊன்றுகோலோடு நடப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது. கடையின் கண்ணாடிக் கதவு திறந்த வேகத்தில் திரும்பி வந்து முதுகில் இடிக்கும். வாசலில் மழை ஈரம் இருந்தால் கட்டை ஒரு பக்கம் போகும், உயிர் ஒரு பக்கம் போகும். டீயை வாங்கலாம்; மேசைவரை கொண்டுபோக மூன்றாவது கை வேண்டும். மேசையில் சாய்த்து வைத்தால் கட்டை சறுக்கித் தடாலென்று விழும், ஒவ்வொரு தடவையும் மெஷின்கள் எல்லாம் நின்று, "அக்கா?" என்று ஒரே குரலில் கேட்கும்.

எல்லாவற்றையும்விடக் கக்கத்து வலிதான் பொறுக்க முடியவில்லை.

"எங்க வலிக்குதுங்கறேன்?" என்று கேட்டாள் பட்டன். பட்டன் கட்டுகிற பெண். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"கக்கத்துலதான். ரம்பம் வெச்சு அறுக்கற மாதிரி இருக்கு."

"அப்ப பேட் வெச்சிடலாம்" என்றார் காலர் மாமா. கோட்டு, காலர் வேலையெல்லாம் அவருடையது. "ஷோல்டர் பேட் ஒரு மூட்டை கிடக்கு. இப்பல்லாம் யாரு அதைக் கேக்கறா?"

"மாமா, கோட்டுக்குத்தான் தோள் வெப்பீங்க. கட்டைக்குமா?" என்றாள் பட்டன்.

"நீ சும்மா இரு. தோள் இல்லாத மனுஷனுக்கே நான் வெச்சுக் குடுத்திருக்கேன்."

அன்று மத்தியானமே இரண்டு கட்டைக்கும் தலையணை முளைத்தது. ஒரு நாள் இதமாக இருந்தது. அடுத்த நாள் மறுபடி வலித்தது. "ஒண்ணு பத்தலை" என்று மாமா இன்னொன்றை வைத்தார். பட்டன் விடுவாளா? வெல்வெட் துண்டில் பஞ்சு அடைத்து அதன்மேல் ஓர் உறை போட்டாள், பட்டனும் வைத்து. தையல்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்: எங்கே உறுத்தினாலும் உள்ளே ஒரு பேட். அந்த அன்பைப் பார்த்துக் கத்தரியக்கா இரண்டையும் கக்கத்தில் வைத்து நடந்து காட்டினாள். வலி குறையவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகுதான் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது.

முதலில் விரல்களின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் எறும்பும் போய்விட்டது, எதுவுமே தெரியவில்லை. மணிக்கட்டைத் தூக்கினால் ஈரத்துணிபோலத் தொங்கியது. ஒரு நாள் நீலத்துணியை அடுக்கி வைத்துச் சட்டையில் கை பொருத்தும் கைக்குழியை வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற வளைவு அது. கத்தரி கோட்டைவிட்டு விலகி உள்ளே போனது. அவள் நிறுத்த நினைத்தாள், கை நிற்கவில்லை. அடுக்கு முழுவதும் பாழ்.

யாரும் பார்க்கவில்லை. துண்டுகளைச் சுருட்டி மேசைக்கு அடியில் கந்தல் கூடைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். விழுந்ததில் காலோடு வேறெதுவும் போய்விட்டதோ? தலையில் ஏதாவதோ? வீட்டில் சொன்னால் தங்கை அழுவாள். கடையில் சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும் பாவம் பார்ப்பார்கள்.

"சாமி, கால் கோணலாச் சேர்ந்தாலும் பரவாயில்ல" என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். "கையை மட்டும் எடுத்துக்காதே."

மாவுக்கட்டைப் பார்க்க டாக்டர் வரச்சொன்ன நாளில் தனியாகத்தான் போனாள். காத்திருக்கும் கூடத்தில் அவளுக்கு எதிர் பெஞ்சில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. பக்கத்தில் பழகிப்போன இரண்டு ஊன்றுகோல்கள். கத்தரியக்கா நடந்து வந்ததை அந்தப் பெண் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றாள் திடீரென்று, கூடம் முழுவதும் கேட்கிற தெளிவான குரலில். "சோபாவைத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம்."

கத்தரியக்கா திடுக்கிட்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க…"

"ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்புச் சொல்றவ. வாய் பழகிப்போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. என்னம்மா இது, கட்டையா கட்டிலா? இவ்வளவு மெத்தை?"

"கடையில எல்லாரும் பாசமாத் தைச்சுக் குடுத்தாங்க."

"பாசம் கொஞ்சம் உயரமாப் போயிடுச்சு" என்ற அறிவிப்புக்காரி அவள் கையைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "கை மரத்துப்போகுதா?"

யாரிடமும் சொல்லாத விஷயம். கத்தரியக்காவின் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கும் வந்துச்சு. மைக் பட்டனை அமுக்க முடியல. ஒரு ரயிலு வந்ததும் யாருக்கும் தெரியல, போனதும் தெரியல, ஸ்டேஷனே என்னைத் திட்டுச்சு. பயப்படாதீங்க. எந்திரிச்சு நில்லுங்க பாக்கலாம்."

நின்றாள்.

"தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது. நீங்க நடக்கல, கக்கத்துல தொங்கிக்கிட்டு வர்றீங்க. கைக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. மொத்த உடம்பும் அதுமேல உக்காந்தா அது என்ன பண்ணும்? கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். கட்டையை விலாவோட இடுக்கிக்கணும், பாரத்தை உள்ளங்கையில வாங்கணும். இது யாரு கட்டை?"

"எதிர்வீட்டு அண்ணனோடது. அவரு… ரொம்ப நெட்டை." சொல்லும்போதே அவளுக்குக் குட்டி வக்கீலின் குரல் காதில் கேட்டது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல் கடை. அளவெடுத்துத் துணி வெட்டறவ."

அறிவிப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கத்தரியக்காவுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைக்குழி இறுக்கினால் கை மரத்துப்போகும் என்று வாடிக்கையாளர்களுக்கு நாள் தவறாமல் பாடம் நடத்துகிறவள் அவள்.

அவளுடைய பையிலேயே நூல் வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது. வெல்வெட்டும் பேடுகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. "தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கத்தரியக்கா எல்லாவற்றையும் பையில் வாங்கிக்கொண்டாள். அறிவிப்புக்காரி கட்டைகளை மடியில் கிடத்தி, திருகுகளைக் கழற்றி, அடிக்கட்டையை மேல் துளைக்கு ஏற்றி உயரத்தைக் குறைத்தாள். கைப்பிடியையும் கத்தரியக்காவின் மணிக்கட்டுக்குச் சரியாக மாற்றினாள். பிறகு அவளை நிற்கவைத்து, கக்கத்தில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து, "வண்டி புறப்படலாம்" என்றாள்.

கத்தரியக்கா கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தாள். உள்ளங்கை எரிந்தது. ஆனால் தோள் இறங்கிவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு வயிறுவரை மூச்சு போனது.

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. அறிவிப்புக்காரியின் கோட்டில், கக்கத்துக்குக் கீழே, கட்டை உரசுகிற இடத்தில் தையல் விட்டு ஒரு பிளவு. ஒரு ஊக்கு அதை இழுத்துப் பிடித்திருந்தது.

"அது எப்பவும் கிழியற இடம்" என்றாள் அறிவிப்புக்காரி, பார்வையைப் புரிந்துகொண்டு. "தைச்சாலும் திரும்பக் கிழியும். ஊக்கு போதும்."

"அடியில துண்டு வெச்சுத் தைச்சா கிழியாது. என் கை மட்டும் இப்ப…"

"கை முதல்ல வரட்டும். கோட்டு எங்க ஓடிடப் போகுது?"

உள்ளேயிருந்து கத்தரியக்காவின் பேரைக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

டாக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், கட்டையின் உயரத்தையும் பார்த்தார். "நரம்பு நசுங்கியிருக்கு, அறுந்து போகலை. அழுத்தம் போயிடுச்சுல்ல, கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வந்துடும். இப்படியே நடங்க" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். கந்தல் கூடைக்குப் பின்னால் இருந்த நீலத் துண்டுகளை எடுத்து முதலாளியம்மா முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளியம்மா ஒரு துண்டை விரித்துப் பார்த்தார்.

"சின்ன வகுப்புப் பிள்ளைங்க சைஸுக்கு வெட்டிக்கலாம். இதுக்குப் போயா பயந்தே? உன் கை பெருசா, துணி பெருசா?"

காலர் மாமாவின் முகம்தான் சுருங்கிப்போனது. "அப்ப நாங்கதான் உன் கையைக் கெடுத்தோமா?"

"யாரு சொன்னா?" கத்தரியக்கா பையைக் கவிழ்த்து, பேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முக்காலியில் அடுக்கி, மாவுக்கட்டுக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். "இந்தா பாருங்க, இப்பத்தான் இது சரியான இடத்துக்கு வந்திருக்கு. ராணி மாதிரி இருக்கு மாமா."

"வெல்வெட் என்னுது" என்றாள் பட்டன். "ராணிக்குப் பட்டனும் வெச்சிருக்கேன், மறந்துடாதீங்க."

சீருடை வேலை முடியும்வரை வெட்டும் வேலையை மாமாவும் பட்டனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கத்தரியக்கா கோடு போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் காலையில், வழக்கம்போலச் சும்மா பெரிய கத்தரியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"சில்லுனு இருக்கு!"

"என்னது?"

"கத்தரி! இரும்பு சில்லுனு இருக்குடி! எனக்குத் தெரியுது!"

மெஷின்கள் எல்லாம் நின்றன. பட்டன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கத்தரியக்கா கண்ணை மூடினாள். பெரிய வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. அந்தச் சில்லிப்பே அவளுக்குப் பிரசாதமாக இருந்தது.

வீட்டில் குட்டி வக்கீல் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே கேட்டேன்ல?"

"கேட்டே தாயே. தோத்துட்டேன். வக்கீலுக்கு என்ன வேணும்?"

"பாவாடை. அளவெடுத்து."

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கட்டைகள், திருகு பழைய துளைக்கே மாற்றப்பட்டு, எதிர்வீட்டுப் பரணுக்குத் திரும்பிவிட்டன. காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கடைசியாக ஒரு தடவை வரச்சொல்லியிருந்தார்கள். கத்தரியக்கா கைத்தடியோடு மெல்ல நடந்து போனாள். பையில் ஊசி, நூல், ஒரு சாம்பல் நிறத் துண்டு. கைக்கு உணர்ச்சி திரும்பிய நாளிலிருந்து அவை அந்தப் பையில்தான் இருந்தன.

கூடத்தில் யாரும் இல்லை. பயிற்சி அறையின் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் குரல் வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. இந்தக் கால் இன்னிக்குத் தாமதமா வரும்." உள்ளே யாரோ சிரித்தார்கள்.

சுவர் ஆணியில் அந்தக் கோட்டு தொங்கியது. ஊக்கு அப்படியே இருந்தது.

அவள் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊக்கைக் கழற்றி, உள்பக்கத்தைப் புரட்டி, துண்டை அடியில் வைத்தாள். கட்டை இடிக்கும்போது இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டாள். ஊசி போய் வந்தது. நூலின் சொரசொரப்பு ஒவ்வொரு விரலிலும் தெரிந்தது. பார்த்தால் தெரியாத தையல். தொட்டால்கூடச் சட்டென்று தெரியாது.

திரைக்குப் பின்னால் பயிற்சி முடிகிற பேச்சு கேட்டது. அவள் நூலை வெட்டினாள். கோட்டைப் பழையபடி ஆணியில் மாட்டி, ஊக்கை மூடிக் கோட்டுப் பையிலேயே போட்டாள். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு தன் முறைக்காகக் கூடத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.